தூதர் பெட்டிக்குள் வந்தவர்

மக்களே,

போன வாரம் செய்தித்தாளில் ஒரு செய்தியை உரக்கப் படித்துச் சிரித்தீர்கள். எங்கோ ஒரு விமான நிலையத்தில், வெளிநாட்டுத் தூதர் ஒருவரின் பெட்டியைச் சுங்கக்காரர்கள் திறந்துவிட்டார்களாம். இரண்டு சர்க்கார்களும் மாறி மாறிக் கண்டனம் தெரிவித்துக்கொண்டிருக்கிறார்களாம். "ஒரு பெட்டிக்கு இத்தனை சண்டையா அப்பா?" என்று சின்னவள் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். என் படிப்பு நாலாம் பாரத்தோடு நின்றது. நீங்களோ மலையாளப் பள்ளியில் படித்தவர்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். ஆகவே எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன். பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது ராஜாவின் ஊர். ஆரல்வாய்மொழியில் சமஸ்தானத்துச் சௌக்கை, அதாவது சுங்கச்சாவடி, இருந்தது. பாண்டி நாட்டிலிருந்து வருகிற மாட்டு வண்டிகளின் வைக்கோலைக் குத்திப் பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. சுதந்திரம் வந்து, சமஸ்தானம் கொச்சியோடு சேர்ந்து, சௌக்கைகளெல்லாம் டெல்லிக்குக் கைமாறின. என்னைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். பெயர் சிப்பாய். கையில் துப்பாக்கியெல்லாம் கிடையாது. பெட்டியைத் தூக்குவது, திறப்பது, மூடுவது, கயிறு கட்டுவது, அவ்வளவுதான். இலங்கையிலிருந்து வருகிற விமானம் இறங்கினால் வேலை. இறங்காத நாளில் கடற்காற்று.

அங்கே சுங்கச் சோதனை நடக்கிற ஷெட்டில் எனக்கு மேலே இன்ஸ்பெக்டர் ஒருவர். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர். நெற்றியில் விபூதி, காதில் கடுக்கன், காக்கி உடுப்பு, சைக்கிள். காசு வாங்காத மனிதர். யாரையும் அடா புடா என்று பேசாத மனிதர். என்னை "ஓய்" என்பார், "நீர்" என்பார். அவரைப் பற்றி நான் எழுதப்போவதில் குறை இருப்பதாகத் தோன்றினால், அவர் கெட்டவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அது ஆடி பிறந்த சமயம். கொழும்பு விமானத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. கொழும்பில் இருந்த ஒரு ஐரோப்பிய நாட்டுத் தூதர், அதே நாட்டுக்காரரான ஒரு துரைக்கு அனுப்பியது. அந்தத் துரை இங்கே கயிறு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் மானேஜர். தன் நாட்டுக்கு இந்த ஊரில் பிரதிநிதியும் அவர்தான். தூதர் அனுப்புகிற பெட்டியை எந்த ஊர்ச் சுங்கமும் திறக்கக் கூடாது. அது உலகத்து வழக்கம். அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள், கூடவே ஒரு காகிதம் வரும், நாங்கள் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

இந்தப் பெட்டியில் இரண்டு முத்திரைகளில் ஒன்று விண்டிருந்தது. கூட வரவேண்டிய காகிதம் வரவில்லை. இலங்கையிலிருந்து தங்கம் கடத்தி வருகிறார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்று மேலிடத்திலிருந்து அப்போது உத்தரவு வந்திருந்தது.

"ஓய், தூக்கிப் பாரும்."

"கனமாத்தான் இருக்கு சார்."

"ஆட்டும்."

ஆட்டினேன். உள்ளே உலோகம் இடிக்கிற சத்தம் கேட்டது.

"காகிதம் இப்படிச் சத்தம் போடுமோ?" என்று என்னைக் கேட்டார். தன்னைத்தானே கேட்டுக்கொண்டார் என்பதுதான் சரி. கொஞ்ச நேரம் மேஜைக்கும் பெட்டிக்குமாக நடந்தார். பிறகு சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிடச் சொன்னார். விமானக் கம்பெனி குமாஸ்தா ஒரு மலையாளி வாலிபன், அவன் வந்தான். வாசலுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் திறந்தேன்.

மேலே தடித் தடியாக ஒட்டிய உறைகள். அவற்றை யாரும் தொடவில்லை. அடியில் வைக்கோல் சுற்றி ஒரு செப்புச் செம்பு. வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. "பாரும், பாரும்" என்று சொல்லிக்கொண்டே தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, விரலை உள்ளே விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

"பகவானே! அஸ்தின்னா ஓய் இது!"

சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எலும்புத் துண்டு ஒன்று மேலாகத் தெரிந்தது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கடலைப் பார்த்து நடந்தார்.

"நாளைக்கு அப்பாவுக்குத் திவசம்" என்றார் இன்ஸ்பெக்டர். கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குப் போய் இதைத் தொட்டுட்டேனே. இந்தக் கையால பேனாவைத் தொட முடியுமா, காகிதத்தைத் தொட முடியுமா? ஸ்நானம் பண்ணிட்டு வந்து எல்லாம் எழுதறேன். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதேயும்."

"சாட்சிக் கையெழுத்து சார்?"

"அவாளும் குளிக்கணுமோல்லியோ? வந்து போடட்டும்."

சைக்கிளை ஒரு கையால் பிடித்து ஏறி, ஸ்ரீவராகத்துக்குப் போய்விட்டார். குமாஸ்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஞானும் ஒந்நு குளிச்சிட்டு வராம் அண்ணா, கேட்டோ" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனான்.

ஆக, ஒரு நாட்டுத் தூதரின் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். ஒரு வரிகூட எழுதவில்லை, ஒரு கையெழுத்துகூட இல்லை. வேறு எந்த ஊரிலும் இப்படி நடந்திருக்காது. நம் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். அந்த நிமிஷத்தில் எனக்கே அது தவறாகப் படவில்லை. குளித்துவிட்டு வந்து எழுதுவதுதான் முறை என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கம்பெனித் துரையின் கார் வந்தது.

அவர் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் திறந்தது என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் என்றேன். எங்கே என்றார். வருவார் என்றேன். சாட்சி யார், எங்கே என்றார். வருவார்கள் என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தொடாமல் நின்றார். இன்ஸ்பெக்டர் ஈரத் தலையும் புது விபூதியுமாக வந்து இறங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு ஆரம்பித்த சண்டை இங்கிலீஷில் நடந்தது. எனக்கு முக்கால்வாசி புரிந்தது. எங்கள் சர்க்காரின் ரகசியக் காகிதங்கள் உள்ள பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, ஆளே இல்லாமல் விட்டிருக்கிறீர்கள், யார் யார் என்னென்ன படித்தார்களோ, இதை நான் வாங்க மாட்டேன், வாங்கினால் திறந்ததை ஒப்புக்கொண்டதாகும் என்றார் துரை. முத்திரை முன்பே விண்டிருந்தது, காகிதம் வரவில்லை, திறந்தது சட்டப்படிதான் என்றார் இன்ஸ்பெக்டர்.

கடைசியில், உள்ளது உள்ளபடி பெட்டியை மூடிப் பத்திரமாக வைப்பது, மேலிடத்து முடிவு வரும்வரை ஒருவரும் தொடுவதில்லை என்று ஆயிற்று. மூடுவது யார்? மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். செம்பின் வாயில் துணியைக் கட்டியது நான். வைக்கோலைச் சுற்றி வைத்ததும், ஷெட்டின் மூலையில் இருந்த கம்பிக் கூண்டுக்குள் பெட்டியைக் கொண்டு வைத்ததும் நான்தான். கூண்டின் கதவுக்குச் சர்க்கார் பூட்டு. அந்தப் பூட்டின் மேலே துரை தன் அரக்கு முத்திரையை வைத்தார். இனி அவர் இல்லாமல் நாங்கள் திறக்க முடியாது, நாங்கள் இல்லாமல் அவர் திறக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா, சேதி எப்படியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது, வாசலிலேயே மறித்துவிட்டாள். பெரியவன் அப்போது தொட்டிலில் கிடந்தான்.

"அங்கினயே நில்லுங்க. பச்சப்பிள்ளை கெடக்கான் உள்ள. ஊரு பேரு தெரியாத ஆளுக்க சாம்பலைத் தூக்கிட்டு வந்து நிக்கியளே!"

"சாம்பலைக் கூண்டுல வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஆமா, பெரிய வேடிக்கை."

தலையில் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த ஆளுக்குப் பெண்டாட்டி உண்டுமா?"

"யாருக்குத் தெரியும்?"

"இருந்தா, பாவம்லா."

அப்படி ஒருத்தி இருந்தாள், இரண்டு நாள் கழித்து வந்தாள். மணக்காட்டில் வீடு. அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். நாஞ்சில் நாட்டுப் பேச்சு. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள், அதை நீட்டக்கூட இல்லை.

"அண்ணாச்சி, கொழும்புலேருந்து பெட்டி வந்திருக்காம்லா?"

"யாருக்கு அம்மா?"

"எனக்குத்தான். எங்க வீட்டு அவிய வந்திருக்காவ."

அவள் புருஷன் கொழும்பில் அந்தத் தூதர் வீட்டுச் சமையற்காரர். காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். கூட இருந்த தமிழ்க்காரர்கள் அங்கேயே தகனம் பண்ணினார்கள். தூதரின் மனைவிக்கு அவர் சமையல் மேலே பிரியம். சாம்பலையாவது அவர் ஊருக்கு அனுப்ப வேண்டும், சாதாரணப் பெட்டியில் அனுப்பினால் சுங்கத்தில் கண்டபடி கிளறுவார்கள், எங்கள் பெட்டியிலேயே வைக்கிறேன் என்று அந்த அம்மாள் தன் கையால் வைத்து அனுப்பியிருக்கிறாள். கூட்டாளி ஒருவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருந்தது.

நான் அவளைக் கூண்டின் பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். இன்ஸ்பெக்டர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பெட்டியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒவ்வொரு தடவை வரும்போதும் உங்க ஆளுகளைத்தான் அண்ணாச்சி ஏசுவாவ. கிறுக்குப் பயலுக, பெட்டியைக் கிண்டிச் சோப்புக்கட்டியை எடுத்துட்டானுவ, பிள்ளைக்கு வாங்குன பொம்மையைத் திருகிப் பாத்துட்டானுவன்னு. இந்தத் தடவை ஒருத்தனும் திறக்க முடியாத பெட்டியில வாறாவன்னு..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். பிறகு பெட்டியைப் பார்த்தே சொன்னாள்: "உமக்கு ராசி அப்படி."

ஆடி அமாவாசைக்கு அவள் தம்பி நாகர்கோவிலிலிருந்து வருவான். ஆண் பிள்ளை இல்லை, இரண்டும் பெண். தம்பிதான் சங்குமுகக் கடலில் கரைக்க வேண்டும். "அதுக்குள்ள கிடைச்சிரும்லா அண்ணாச்சி? இல்லேன்னா அவிய எங்கயும் போய்ச் சேராம நிப்பாவளே" என்றாள். கிடைக்கும் அம்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

அதிலிருந்து அவள் தினமும் வந்தாள். காலையில் வந்து, வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் இருப்பாள். விமானம் இறங்கினால் எழுந்து நிற்பாள். முடிவைக் கொண்டு யாராவது இறங்குவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. சாயாக்கடைக்காரர் ஒரு கிளாஸ் சாயாவைப் படியில் வைத்துவிட்டு, "குடிக்கண்டே அம்மா", குடிக்க வேண்டாமா, என்பார். காசு வாங்க மாட்டார்.

ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். துரை விரட்டிவிடுவார் என்று பயந்துதான் போனேன். அவர் எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. துரையின் பட்லர் மொழிபெயர்த்தார். துரைக்கு ரொம்ப வருத்தம், தூதரின் வீட்டுக்குப் போனபோது அவர் சமைத்த சாப்பாட்டைத் துரையும் சாப்பிட்டிருக்கிறாராம் என்றார் பட்லர்.

"அப்ப குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

பட்லர் சொன்னார். துரை நெடுநேரம் பேசினார். பட்லர் அதைச் சின்னதாக்கிச் சொன்னார்: "அதிலேயிருந்து ஒண்ணை எடுத்தாக்கூடப் பெட்டியை ஏத்துக்கிட்டதா ஆயிடுமாம். அப்புறம் அவங்க சர்க்கார் ஒண்ணும் கேட்க முடியாதாம். கேட்கிற உரிமை போயிடுமாம்."

"நான் கேக்கதுக்கு ஒரு உரிமையும் இல்லியா?"

இதை பட்லர் மொழிபெயர்க்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று துரை கேட்டார். "நன்றி சொல்லுது" என்று இங்கிலீஷில் சொன்னார் பட்லர். துரை தலை குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னார்.

திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "சார், நடந்ததை நடந்தபடி எழுதிட்டா என்ன? செம்பைப் பார்த்தோம், தீட்டு, குளிக்கப் போனோம், காகிதம் ஒண்ணையும் ஒருத்தரும் தொடலை. அவ்வளவுதானே? துரைக்கு அந்தக் காகிதத்தைப் பத்தித்தானே பயம். படிக்கலைன்னு தெரிஞ்சா இறங்கி வந்துடுவாரே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதலாம் ஓய். எழுதினா அது கொச்சிக்குப் போகும், அங்கேயிருந்து டெல்லிக்குப் போகும். டெல்லியில உக்காந்திருக்கிறவன் என்ன நினைப்பான்? ஒரு கவர்மென்ட் உத்தியோகஸ்தன், தூதர் பெட்டியைத் திறந்து போட்டுட்டு ஸ்நானத்துக்குப் போனான்னு சிரிப்பான். அவன் சிரிச்சாலும் போகட்டும். அந்நிய தேசத்துக்காரன் சிரிப்பான். என் ஒருத்தன் வேலை போனா நான் பாத்துக்கறேன். ஊரையே சிரிக்க வைக்கச் சொல்றீரா?"

வேலை போனால் அவர் பார்த்துக்கொள்ள முடியாது. மூன்று தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பெட்டிகளுக்குக் கயிறு கட்டப் போய்விட்டேன்.

பிறகு கொச்சியிலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். மலையாளி. என் வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். நான் தமிழில் சொல்ல, இன்ஸ்பெக்டரே அதை மாற்றிச் சொன்னார். திறந்தோம் என்றேன், அதைச் சொன்னார். செம்பு இருந்தது என்றேன், அதைச் சொன்னார். சாவுத்தீட்டுக்காகக் குளிக்கப் போனார்கள் என்றேன். சாட்சிகள் சிறிது நேரம் வெளியே சென்றிருந்தார்கள் என்று சொன்னார்.

"சார், குளிக்கப் போனது விட்டுப்போச்சு" என்றேன்.

"என்னவாம்?" என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த மலையாளத்தில் நானே முழுவதையும் சொன்னேன். திவசம், விரல், சைக்கிள், கிணறு, கடல் எல்லாவற்றையும். மரத்தடியில் இருக்கிற அந்த அம்மாளைக் கையைக் காட்டியும் சொன்னேன். அதிகாரி கடைசிவரை கேட்டார். சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக அவளையும் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"நீ பறஞ்ஞது சத்தியம்" என்றார். "பட்சே அது எழுதான் பற்றில்ல."

நீ சொன்னது உண்மை, ஆனால் அதை எழுத முடியாது. அவ்வளவுதான் சொன்னார். அவரும் அந்த விசாரணை முடிந்து போகும்போது வாசலில் அவளைத் தாண்டுகையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

யாரையாவது ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும் மக்களே. அந்த நாட்களில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. எல்லாருக்கும் அவள்மேல் இரக்கம். அந்த இரக்கத்தில் ஒரு பூட்டு திறக்கவில்லை.

அமாவாசை வந்தது. மலையாளத்துக்காரர்களுக்கு அது கர்க்கடக வாவு, நமக்கு ஆடி அமாவாசை, எல்லாருக்கும் ஒரே கடல். விடியும்போதே சங்குமுகத்துக்குப் போகிற ரோடு நிறைந்துவிட்டது. கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள், கையில் எள்ளும் தர்ப்பையும் வாழையிலையும். எங்கள் ஷெட்டிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஈரத் துணியும் தலையுமாகத் தெரிந்தது. அவளும் தம்பியும் கடலுக்குப் போகாமல் எங்கள் வாசலில் நின்றார்கள். தம்பி முரட்டு ஆள். வயலில் வேலை செய்கிறவன்.

"பூட்டை உடைச்சா என்ன ஓய் செய்வீரு?" என்று என்னிடம் கேட்டான்.

"உம்மைப் போலீஸ் கொண்டுபோவும். செம்பும் அவங்ககூடத்தான் போகும்."

"சும்மா இருலே" என்று அக்காக்காரி அவன் கையைப் பிடித்தாள். "அண்ணாச்சிக்கும் பிள்ளை குட்டி உண்டு."

இன்ஸ்பெக்டர் அன்று லீவு. தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யக் கடலுக்கு வந்தவர், கரையிலிருந்து நேரே ஷெட்டுக்கு வந்தார். ஈர வேட்டி, தோளில் பூணூல். உடுப்பு இல்லாமல் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெலிந்து, வயசான பையன் மாதிரி இருந்தார். அவளைப் பார்த்தார். மேஜைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். அவர் சாவியைப் பூட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார். துரையின் அரக்கு, சாவி நுழைகிற வாயை அடைத்துக்கொண்டு இருந்தது. நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். அவர் சுரண்டவில்லை. நானும் சுரண்டுங்கள் என்று சொல்லவில்லை.

"என் அப்பாவுக்கு நான் கொடுத்துட்டு வந்துட்டேன் ஓய்" என்றார். சாவியை என் கையில் தராமல் மேஜையிலேயே கொண்டு வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

வெயில் ஏறியதும் அவள் தம்பி எள்ளையும் தண்ணீரையும் மட்டும் கடலில் விட்டுவிட்டு வந்தான். அவள் கடலுக்குப் போகவில்லை. மரத்தடியிலேயே இருந்தாள்.

முடிவு ஆவணி பிறந்து வந்தது. இரண்டு சர்க்கார்களும் சமாதானமாகிவிட்டன. வருத்தம் என்று நம் பக்கம் எழுதினார்கள், மன்னிப்பு என்று எழுதவில்லை. அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பெட்டியை அதிலுள்ள சகல பொருள்களோடும், ஒன்றும் குறையாமல், அனுப்பியவருக்கே விமானத்தில் திருப்பி அனுப்ப வேண்டியது. துரை வந்து தன் முத்திரையைத் தானே உடைத்தார். இன்ஸ்பெக்டரும் அவரும் கை குலுக்கினார்கள். பெட்டிக்குப் புது அரக்கு வைத்தார்கள்.

"சார், ஒண்ணும் குறையாமன்னா, செம்பும்தானா?" என்று கேட்டேன்.

"சகல பொருள்களோடும்னு இருக்கே ஓய்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. வேறு யார் சொல்வார்கள்? சொன்னேன். அவள் புரியாதவள்போல என்னையே பார்த்தாள்.

"திரும்பவா? கொழும்புக்கா?"

"ஆமா அம்மா."

"அங்க அவியளுக்கு யாரு இருக்கா?"

நான் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினேன்.

"அந்தத் துரைசானி மறுபடி அனுப்புவாவளா அண்ணாச்சி?"

"அனுப்பலாம் அம்மா."

அப்படித்தான் சொன்னேன். நான் அந்த ஷெட்டில் இருந்தவரை அந்தச் செம்பு திரும்பி வரவில்லை. தூதருக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்ததாக பட்லர் பின்னால் சொன்னார். கொழும்பில் யார் கையில் அது போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அவள் விமானம் கிளம்பும்வரை நிற்கவில்லை. முந்தானையை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, "இனி நான் வரண்டாம்லா" என்று கேட்டாள். வேண்டாம் அம்மா என்றேன். மணக்காட்டுப் பக்கம் நடந்துபோனாள். சாயாக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்தில் ஏற்றும்போது, சுமட்டுக்காரன் மற்ற மூட்டைகளையெல்லாம் ஏற்றினான். "இது மாத்திரம் ஞான் தொடில்ல அண்ணா, கெறுவிக்கண்டா" என்று இறங்கிப் போய்விட்டான். கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, நானே தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் ஏறினேன். உள்ளே இருட்டும் எண்ணெய் நாற்றமும். குனிந்துதான் நிற்க முடியும். தபால் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். ஒரு பக்கம் இடைவெளி இருந்தது. விமானம் சாய்ந்தால் பெட்டி புரளும், செம்பு உள்ளே இடிக்கும். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து நாலாக மடித்து, அந்த இடைவெளியில் இறுக்கிச் செருகினேன். பெட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. இறங்கிவிட்டேன்.